யோகன் மாஸ்ரருக்கு வராத கணக்கு

யாழ்ப்பாணத்துக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல, சண்டை போட. சண்டை என் தங்கை புருஷனோடு. விஷயம், கடவுள் ஒருவரா மூவரா என்பது. ரயிலில் எதிரே இருந்த சிங்களப் பெண்மணி நான் எதற்குப் போகிறேன் என்று கேட்டாள். பக்கத்திலிருந்தவர் என் பதிலை அவளுக்கு மொழிபெயர்த்தார். அவள் சொன்னதை எனக்கும் மொழிபெயர்த்தார்: "இதற்காகவா கடல் தாண்டி வந்தாள்? வீட்டு ஆம்பளையோடு சண்டை போட எனக்கு அடுப்படி வரை போனால் போதும்." பெட்டி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

தொண்ணூறாம் வருடம் மே மாதம் அது. நான் திரும்பிய சில வாரங்களில் அந்த ரயிலே நின்றுபோனது. அப்போது அது யாருக்குத் தெரியும்?

நான் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபைப் பிள்ளைகளுக்கு இருபது வருடத்துக்கு மேல் வேதபாடம் சொன்னவள். யோகநாதன் எங்கள் ஊர்க் கல்லூரிக்குக் கணிதம் படிக்க வந்த யாழ்ப்பாணத்துச் சைவப் பையன். தானாகவே சபைக்கு வந்தான், தானாகவே ஞானஸ்நானம் கேட்டான். உபதேசியார் காய்ச்சலில் படுத்திருந்ததால் திரித்துவப் பாடத்தை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவர், ஆனாலும் கடவுள் ஒருவரே என்ற பாடத்தை, அவனுக்குச் சொன்னது நான்தான். தலையாட்டினான். பிறகு என் தங்கை ஜெயாவைப் பெண் கேட்டான். அவளும் தலையாட்டினாள். பதின்மூன்று வருடமாக அவள் யாழ்ப்பாணத்துப் பக்கம் அளவெட்டியில் இருக்கிறாள். அவன் அங்கே கணக்கு மாஸ்ரர், அதாவது வாத்தியார்.

ஏப்ரலில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. "அக்கா, குஞ்சுவுக்கு எட்டு மாதம் ஆகப்போகிறது. இன்னும் ஞானஸ்நானம் இல்லை. இந்தச் சபையில் தகப்பன் எழுந்து நின்று மூன்று கேள்விக்கும் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். இவரோ, 'மூவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்' என்கிறார். போதகருக்கு மாற்றலாகிவிட்டது. மே கடைசி ஞாயிறை விட்டால் அடுத்தவர் எப்போது வருவாரோ. இந்த ஊரில் நாளைக்கு என்ன என்று யாருக்குத் தெரியும்? நீ சொன்னால் கேட்பார். பாடம் சொன்னது நீதானே?"

அந்தக் கடைசி வரி எனக்குச் சுருக்கென்று தைத்தது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

புதன்கிழமை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஒரு பெரியவர் என் பெட்டியைப் பார்த்து, "எந்த ஊர், பிள்ளை?" என்று கேட்டார். "திருநெல்வேலி" என்றேன். மனிதர் எவ்வளவு நல்லவர் என்றால், பெட்டியைத் தானே தூக்கி ஒரு மினிபஸ்ஸில் ஏற்றி, இடமும் பிடித்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் ஒரு சந்தையடியில் இறக்கிவிட்டார்கள். கடைப் பலகையில் திருநெல்வேலி என்று எழுதியிருக்கிறது! ஒரு நிமிடம் எனக்குத் தலை சுற்றிவிட்டது. இங்கேயும் அந்தப் பெயரில் ஓர் ஊர் இருப்பது டீச்சர் உத்தியோகம் பார்க்கும் எனக்குத் தெரியவில்லை. கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உங்கடை ஊரிலை ஏறி உங்கடை ஊரிலையே இறங்கிட்டியள். அளவெட்டிக்கு வேறை பஸ் எடுக்கவேணும். வெய்யில் ஏறீட்டுது, முதல்லை உந்தக் கடையிலை ஒரு தேத்தண்ணி குடியுங்கோ."

தேநீர்க் கடைக்காரர் என் பேச்சைக் கேட்டதும் முகத்தை இறுக்கினார். "இந்தியாவோ?" என்றார். எங்கள் நாட்டுப் படை இங்கிருந்து கப்பலேறி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பெட்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் துவக்கோடை வரேல்லைத்தானே? இருங்கோ" என்று வாங்கைத் துடைத்துவிட்டார். பெஞ்சை அங்கே வாங்கு என்கிறார்கள், துப்பாக்கியைத் துவக்கு என்கிறார்கள்.

தேநீரில் சீனி இல்லை. பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி. எங்கள் பக்கத்தில் கருப்பட்டியைக் காப்பியில் கரைத்துவிடுவோம். இங்கே அதை ஒரு கடி கடித்து ஒரு மடக்குக் குடிக்கிறார்கள். நான் முழுத் துண்டையும் கிளாஸுக்குள் போட்டுவிட்டு விரலால் தேடிக்கொண்டிருந்ததைக் கடைக்காரர் பார்த்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அளவெட்டியில் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. எங்கோ ஒரு வீட்டில் நாதஸ்வரம் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் தவறினார்கள். யோகன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தான். காது மேலே நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "அக்கா, சண்டை இப்பவே துவங்குமோ, சாப்பிட்ட பிறகோ?" என்றான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

ஜெயா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "என்ரை அக்கா, என்ரை அக்கா" என்கிறாள். "ஏட்டி, 'என்ரை'யாம்லா! உன் பேச்சு எங்கட்டி போச்சு?" என்று அதட்டினேன். இரவு இடியப்பமும் சொதியும். சொதி எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கும் ராஜ விருந்து. இவர்கள் தினம் தினம் வைக்கிறார்கள். குஞ்சு என் மடியில் உட்கார்ந்து என் கண்ணாடியைப் பிடுங்கினாள். ஞானஸ்நானத்தில்தான் பேர் வைப்பது என்று ஜெயா பிடிவாதமாக இருந்ததால் எட்டு மாதமாக அவள் வெறும் குஞ்சுதான்.

வியாழக்கிழமை காலையில் மீன்காரம்மா படலையைத் திறந்துகொண்டு வந்தாள். படலை என்றால் வேலியில் வைக்கும் வாசற்கதவு. இந்தப் பக்கத்துக்குப் புதியவள் போல. மீனை வெட்டிக்கொண்டே, "எத்தினை பிள்ளையள் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"ரெண்டு" என்றாள் ஜெயா.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூத்தவன் அருள். இரண்டரை வருடத்துக்கு முன், ஊரடங்கு நாட்களில், காய்ச்சல் கண்டு இறந்துபோனான். ஐந்தரை வயது. ஆஸ்பத்திரி மூன்று மைலில் இருந்தது. வெளியே தலை காட்ட முடியவில்லை. அந்த ஊரடங்கைப் போட்டது எந்த நாட்டுப் படை என்று நான் எழுத வேண்டியதில்லை. செய்தி எனக்கு நாற்பது நாள் கழித்துத்தான் வந்தது.

மத்தியானம் யோகனின் அண்ணன் சிவஞானம் ஒரு குலை நுங்கு கொண்டுவந்தார். அடுத்த வளவில், அதாவது பக்கத்து வேலிக்குள் இருக்கிறார். திருநீறு அழியாத நெற்றி, மிளகாய்த் தோட்டம். என்னை மச்சாள் என்பார். நான் எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்று கூப்பிட்டதில் அவருக்கு ஏக சந்தோஷம், போகிற வருகிற ஆட்களிடமெல்லாம், "என்னை அண்ணாச்சியாம்!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நுங்கைக் கண்டதும் எனக்கு வீரம் வந்துவிட்டது. என் பாடத்தின் பிரம்மாஸ்திரமே அதுதான். ஒன்றைச் சீவி யோகன் முன்னால் நீட்டினேன். "பாரு. காய் ஒண்ணு, கண்ணு மூணு. விளங்குதா?"

"இதைத்தானே அக்கா அப்பவும் காட்டினனீங்கள்" என்று சிரித்தான். பெருவிரலால் ஒரு கண்ணைத் தோண்டி வாயில் போட்டுக்கொண்டான். "இப்ப மிச்சம் ரெண்டு. ஒரு கண் எண்டால் மூண்டிலை ஒரு பங்கு. ஆனால் மூண்டு பேரிலை ஒவ்வொருத்தரும் முழுக் கடவுள் எண்டெல்லோ படிப்பிச்சனீங்கள்? நுங்கு அப்பிடிச் சொல்லேல்லையே."

"சரி, தண்ணி இருக்கு, ஐஸ் இருக்கு, ஆவி இருக்கு. மூணும் ஒண்ணுதான?"

"ஒரே தண்ணி ஒரே நேரத்திலை மூண்டாயும் இராது. தோட்டத்திலை முழங்காலிலை நிண்டு இயேசு செபிச்சாரே, அது ஆரை நோக்கி? ஐஸ் ஆவியைக் கும்பிட்டதோ?"

சிவஞானம் அண்ணாச்சி நுங்கு உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு, "எங்கடை சுவாமிக்கு ஆயிரம் பேர் இருக்கு, நாங்கள் ஒருநாளும் சண்டை பிடிச்சதில்லை. மூண்டு பேரை வைச்சுக்கொண்டு உங்களுக்கு இவ்வளவு கரைச்சலோ?" என்றார்.

யோகன் விடவில்லை. திரித்துவம் என்ற சொல்லே வேதத்தில் எங்கும் இல்லை, பின்னால் வந்த பெரியவர்கள் கூட்டம் கூடி வைத்த பெயர்தானே என்றான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பேரு பிந்தி வந்தா என்ன? உன் பிள்ளைக்கு எட்டு மாசமா பேரு வைக்கல. அதுக்காவ அவ பொறக்கலன்னு ஆயிருமா? கடவுள் ஒருத்தர்தான்னு உயிரை விட்ட சனம், இயேசுவையும் கும்பிட ஆரம்பிச்சது முதல்ல. அது எப்படி ஆச்சுன்னு யோசிச்சுப் பேரு வைச்சது பொறவு."

யோகன் இன்னொரு நுங்கை என் முன்னால் தள்ளிவைத்தான். "இது நல்லாயிருக்கு, அக்கா. இதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை" என்றான். அந்த ஒரு தடவைதான் அந்தப் பயணத்தில் நான் ஜெயித்தேன்.

வெள்ளிக்கிழமை போதகரைப் பார்க்கப் போனோம். என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றினான். நாற்பத்தாறு வயதில், எழுபது கிலோ டீச்சர், ஒழுங்கை என்கிற செம்மண் சந்தில்! பாதி வழியில் பின்சக்கரம் புஸ்ஸென்று போய்விட்டது. சைக்கிள் கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். "எத்தினை பிள்ளையள், மாஸ்ரர்?"

"ஒண்டு" என்றான் யோகன்.

கடையை விட்டு நடக்கும்போது கேட்டேவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ரெண்டு எண்டால், மற்றது எங்கை எண்டு கேப்பினம், அக்கா. அதுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? எனக்கு வாய் வராது."

போதகர் மெலிந்த மனிதர். மாற்றலுக்குப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். யோகனை வெளியே மாமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு என்னிடம் புலம்பினார். "தலையை ஆட்டினாலும் போதும் எண்டு சொன்னனான், ரீச்சர். மாட்டன் எண்டிட்டார். மற்றாக்கள் எல்லாம் என்ன விளங்கியே சொல்லுகினம்? பொய் சொல்லாத ஆள் ஒருத்தர் சபையிலை இருந்தால் போதகருக்குப் பெரிய கரைச்சல்." சொல்லிவிட்டு யோகனை ஜன்னல் வழியாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவ்வளவு பிரியம் இருந்தது.

சனிக்கிழமை விடியற்காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க ஆள் குறைந்தது. பம்பு பழுதாகிப் பத்து நாளாகிறது, சாமான் கொழும்பிலிருந்து வரவில்லை. அதனால் பழைய துலாவைக் கட்டியிருந்தார்கள். எங்கள் ஊர் ஏற்றம்தான். அண்ணாச்சி துலா மேலே ஏறி முன்னும் பின்னும் நடப்பார். யோகன் கிணற்று வாயில் நின்று வாளியைப் பிடித்துச் சாய்ப்பான். ஜெயா வாய்க்காலில் நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீரை மாற்றிவிடுவாள். அன்று குஞ்சு விடாமல் அழுதாள். மண்வெட்டியை நான் வாங்கிக்கொண்டேன்.

கிணறு வாழைக் கூட்டத்துக்கு அந்தப் பக்கம். நடப்பவரையும் தெரியாது, சாய்ப்பவனையும் தெரியாது. ஒவ்வொரு வாளிக்கும் ஒரு துடிப்பு மட்டும் வாய்க்காலில் ஓடிவந்து என் காலைத் தொடும். குளிர்ச்சியில் எனக்கு உள்ளம் பொங்கிவிட்டது. மூன்று ஆள், ஒரே இறைப்பு! இருபது வருடம் நுங்கை அல்லவா கட்டி அழுதேன்! மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன்.

"யோகன்! கண்டுபிடிச்சிட்டேன். மூணு பேரு, ஒரு வேலை. ஒருத்தர் இல்லாம ஒருத்தரால முடியாது. இதுதான் திரித்துவம்!"

வாளியைப் பிடித்தபடியே நிதானமாகக் கேட்டான். "நல்ல விளக்கம், அக்கா. ஆனால் நான் வேறை ஆள், அண்ணை வேறை ஆள், நீங்கள் வேறை ஆள். மூண்டு பேர் சேந்து வேலை செய்யினம் எண்டால் மூண்டு கடவுள் எண்டு வந்திடும்."

"அதோடை, மச்சாள்," என்று மேலேயிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது, "மூண்டாவது ஆள் இஞ்சை நிண்டால் அங்கை தண்ணி எங்கை போகுது?"

திரும்பி ஓடினேன். தண்ணீரெல்லாம் வரம்பை உடைத்துக்கொண்டு வாழைக்குப் போயிருந்தது. மிளகாய்ப் பாத்தி ஒன்றுகூட நனையவில்லை. அண்ணாச்சி துலாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கே விழுந்துவிடுவாரோ என்று பயமாகிவிட்டது.

மத்தியானம் கூழ். ஒடியல் என்கிற உலர்ந்த பனங்கிழங்கின் மாவில் மீன், நண்டு, பயற்றங்காய் எல்லாம் போட்டு, ஒரு பானையைச் சுற்றி உட்கார்ந்து, மடித்த பலாவிலையில் வாங்கிக் குடிக்கிறார்கள். உறைப்பில் எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. நாளைக்கு ஞாயிறு. கடைசி முயற்சியாக, "உன் மனசுல உண்மையில என்னதான் இருக்கு, சொல்லு" என்று யோகனைக் கேட்டேன்.

இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. "சிலுவையிலை, ஏன் என்னைக் கைவிட்டீர் எண்டு கேட்டாரே, அக்கா. அவரும் அதே கடவுள் எண்டால் அது நாடகம். நாடகம் இல்லை எண்டால், அவர் எங்களை மாதிரி ஒரு நல்ல மனிசன், அவ்வளவுதான். ரெண்டிலை ஒண்டு. எனக்கு மூண்டாவது வழி தெரியேல்லை."

ஜெயா அகப்பையைப் பானைக்குள் விட்டாள்.

"இஞ்சருங்கோ, நான் ஒண்டு கேக்கட்டே? ஒருத்தரேதான், எல்லாம் நாடகம் எண்டு வைப்பம். அப்ப அண்டைக்கு ஒருத்தரும் ஒருத்தரையும் பறிகுடுக்கேல்லை. இல்லை, அவர் வெறும் நல்ல மனிசன் எண்டு வைப்பம். அப்ப கடவுள் வேறை ஆற்றையோ பிள்ளையைச் சாகவிட்டிட்டு மேலை இருந்து பாத்தவர். எனக்கு இந்த ரெண்டு பேரும் வேண்டாம்."

என் இலையில் கூழை ஊற்றிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"அருள், அப்பா அப்பா எண்டு கூப்பிடக் கூப்பிட நீங்கள் படலையடியிலை நிண்டனீங்கள். வெளியிலையும் போகேலாது, உள்ளுக்கை வந்து அவன்ரை முகத்தைப் பாக்கவும் ஏலாது. அண்டைக்கு உங்களுக்கு என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியும். அது கடவுளுக்கும் தெரிஞ்சிருக்கவேணும். சொல்லக் கேட்டு இல்லை, தனக்கு நடந்து தெரிஞ்சிருக்கவேணும். தன்ரை சொந்தப் பிள்ளை கூப்பிடக் கேட்டவராய் இருக்கவேணும். அப்பிடி ஒருத்தர் இருக்கிறார் எண்டுதான் நான் காலமையிலை எழும்பி அடுப்பு மூட்டுறன். அவை எப்பிடி மூண்டு, எப்பிடி ஒண்டு எண்டு எனக்குத் தெரியாது."

அகப்பையைப் பானையில் சாய்த்துவைத்தாள். "ஆரும் கேட்டால் நீங்கள் 'ஒண்டு' எண்டு சொல்லுறியள். ஒவ்வொருக்காலும் நான் அவனைத் திரும்பவும் பறிகுடுக்கிறன்."

யோகன் கையிலிருந்த இலை சரிந்து கூழ் வேட்டியில் வழிந்தது. அவன் கவனிக்கவில்லை. கடைசியில் அண்ணாச்சி தன் துண்டை எடுத்துத் தம்பியின் மடியைத் துடைத்துவிட்டு, "குடி தம்பி, கூழ் ஆறுது" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகளுக்கு நுங்கைச் சீவிக் காட்டியிருக்கிறேன். அந்த மூவருக்குள் ஒருவரை ஒருவர் இழப்பது என்று ஒன்று நடந்திருக்கும் என ஒரு நாளாவது யோசித்தேனா? தங்கைக்கு நான் ஆறுதல் சொல்ல வந்ததாக அல்லவா நினைத்திருந்தேன்.

ஞாயிறு காலை யோகன் யாரோடும் பேசாமல் குளித்தான். அந்தச் சபையில் ஒரு வழக்கம், ஞானஸ்நானத் தண்ணீரைத் தகப்பன் தன் வீட்டுக் கிணற்றிலிருந்து இறைத்துக் கொண்டுபோக வேண்டும். இவர்கள் கிணற்றில் அண்ணனுக்கும் பாதிப் பங்கு. செம்பை அண்ணாச்சிதான் புளி போட்டுத் துலக்கிக் கொடுத்தார். அவரும் கூட வந்தார். சபைக் கோயில் வாசலில் எங்களுக்கு ஒரு பரபரப்பு: மனிதர் பழக்க தோஷத்தில் சட்டையைக் கழற்றி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, மார்பு நிறைந்த திருநீற்றோடு உள்ளே நுழைந்துவிட்டார்! சைவக் கோயிலில் ஆண்கள் அப்படித்தானே போவது? வாலிபர் ஒருவர் தடுக்க எழுந்தார். போதகர் பீடத்திலிருந்தே, "விடுங்கோ, விடுங்கோ, பெரியப்பாதானே" என்று கையமர்த்தினார். அண்ணாச்சி முன் வாங்கிலேயே கைகூப்பி உட்கார்ந்துவிட்டார்.

யோகன் எழுந்து நின்றான். ஜெயாவின் கையில் குஞ்சு. பிதாவை விசுவாசிக்கிறீரா என்று போதகர் கேட்டார்.

"விசுவாசிக்கிறன்." உடனே சொன்னான். அதில் அவனுக்கு என்றும் தடை இருந்ததில்லை.

குமாரனை விசுவாசிக்கிறீரா?

கோயில் முழுக்க விசிறி மட்டைகளின் சத்தம் மட்டும்தான். ஜெயா நிமிரவில்லை. சொல்லேண்டா, சொல்லித்தொலை என்று எனக்குள்ளே கத்திக்கொண்டிருந்தேன். அவன் போதகரைப் பார்க்காமல் செம்பிலிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விசுவாசிக்கிறன்" என்றான். பாதிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது.

மூன்றாவதுக்கும் சொன்னான். ஆனால் உட்காரவில்லை. "ஐயா, ஒண்டு சொல்லவேணும். கணக்கு எனக்கு இன்னும் வரேல்லை. வந்திட்டுது எண்டு ஆரும் நினைக்கக்கூடாது."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் வரேல்லை, மாஸ்ரர்" என்றார். "பிள்ளையைத் தாங்கோ."

சாந்தினி என்று பெயர். தண்ணீர் பட்டதும் அவள் போட்ட கூச்சலில் அடுத்த பாட்டு யாருக்கும் கேட்கவில்லை. அண்ணாச்சி மட்டும் தலையை ஆட்டித் தாளம் போட்டார்.

திங்கட்கிழமை கிளம்பினேன். அண்ணாச்சி ஒரு பை நுங்கு கட்டிக் கொடுத்தார், ரயிலில் பாடம் சொல்லலாமாம். ஜெயா படலை வரை வந்தாள். "அக்கா, நீ வந்ததாலைதான்" என்று ஆரம்பித்தாள். "சும்மா இருட்டி, நான் வாழைக்குத் தண்ணி பாய்ச்சினேன், அம்புட்டுதான்" என்றேன். இருவரும் அழுதோம்.

ரயிலேற்றிவிட யோகன் கூட வந்தான். மினிபஸ்ஸில் கூட்டம். எங்களோடு ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு, மடியில் வெங்காயக் கடகப் பெட்டியோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நான் யார், அவன் யார், எங்கே போகிறோம் என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, யோகனைப் பார்த்து, "தம்பிக்கு எத்தினை பிள்ளையள்?" என்றாள்.

நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு" என்றான் யோகன்.

"பள்ளிக்கூடம் போகினமோ?"

"சின்னவ கைக்குழந்தை." அந்த அம்மாளை நேராகப் பார்த்தான். "மூத்தவர் ஆண்டவரிட்டை நிக்கிறார்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அந்த அம்மாள் கடகத்தை ஒரு பக்கமாக நகர்த்தி, அவன் நன்றாக உட்கார இடம் விட்டாள்.

"எனக்கு ஐஞ்சு, தம்பி" என்றாள். "வீட்டிலை மூண்டு பேர்."